இடது பக்கத்து எண்ணெய்க் கறை

போனோகிராஃப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கைக்கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். நூறு வருஷத்து வார்னிஷில் ஒரு கீறல் விழுந்தால் அதை அழிக்க வழியில்லை. அடுத்து, உடனே சாவி கொடுக்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டும், பிறகு தொட வேண்டும், கடைசியில்தான் ஓடவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பழைய மிஷினைக் கண்டதும் அது பாடுமா என்று பார்க்கத்தான் யாருக்கும் கை துறுதுறுக்கும்.

போன மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பரிசோதனைப் பிரிவில் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களாம். போலி மிஷின்களை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நான் கண்டுபிடித்ததிலேயே நல்ல போலி எது என்று யோசித்தால், நான் யாரிடமும் சொல்லாமல் விட்ட போலிதான் நினைவுக்கு வருகிறது. அதனால் அதையே எழுதுகிறேன்.

என் வேலை ஏலக் கம்பெனியில் தொடங்கவில்லை. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் கேசட் பிளேயர் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன். பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் பலகை வரும். ஈய ஒட்டு ஒவ்வொன்றையும் பார்த்து, தப்பானதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். நாள் முழுக்க அதே வேலை. அந்தத் தொழிற்சாலை இடம் மாறிப் போனபோது எனக்குக் கிடைத்த ஒரே சொத்து என் கண்தான். சரியாக இருக்கும் நூறு பொருளுக்கு நடுவே சரியில்லாத ஒன்று தானாகவே என் கண்ணில் பட்டுவிடும்.

ஏலக் கம்பெனி சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பழைய கிராமபோன், வானொலி, தட்டுக்குப் பதில் மெழுகு உருளை சுழன்று பாடும் உருளை போனோகிராஃப் போன்றவற்றை விற்க விரும்புகிறவர்கள் எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் பரிசோதித்து, படம் எடுத்து, அதன் நிலையை ரிப்போர்ட்டாக எழுதி இணையத்தில் போடுவோம். ஒரு வாரம் ஏலம் ஓடும். வாங்குகிறவர் மெல்பர்னிலோ சென்னையிலோ இருப்பார். பொருளைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். எங்கள் ரிப்போர்ட்டை நம்பித்தான் விலை கேட்பார்.

எங்கள் மேலாளர் ஞானம் சார். இந்த வேலைக்கு வருவதற்கு முன் துறைமுகத்தில் சரக்கு சேத மதிப்பீட்டாளராக இருந்தவர். கப்பலில் வந்த மூட்டை நனைந்திருந்தால், எங்கே நனைந்தது, எவ்வளவு நனைந்தது என்று போய்ப் பார்த்து எழுதுகிற வேலை. அந்தப் பழக்கத்தை அப்படியே எங்களிடம் கொண்டுவந்தார். ரிப்போர்ட்டில் மூன்று பகுதி. கண்ணால் பார்த்தது ஒன்று, காதால் கேட்டது ஒன்று, ஊகம் ஒன்று. ஒன்றை இன்னொன்றில் கலந்து எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆளுக்கு ஒரு குறிப்புப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் எண் அச்சடித்திருக்கும். எந்த மிஷினைத் தொட்டாலும் தேதி போட்டு அதில் எழுத வேண்டும்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பாக எழுதியிருந்தால் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, “நீங்க எங்க நின்னு பார்த்தீங்க?” என்று கேட்பார். நின்ற இடத்தைக் காட்டுவோம். அவரும் அங்கேயே வந்து நின்று, குனிந்து பார்ப்பார். “இங்கேருந்து பார்த்தா அது தெரியலயே” என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வாரம் நமக்குச் சோறு இறங்காது. பாராட்டும் அப்படித்தான். ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, “சரி” என்பார். அந்தச் ‘சரி’க்காக நான் ஏழு வருஷம் வேலை பார்த்தேன்.

அப்போதுதான் சுகந்தி வந்தாள்.

மதுரைக்காரி. கணவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்தவள். நாற்பது வயதுக்குப் பக்கம். ஊரில் வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் இருந்தவளாம். வந்த முதல் வாரம் நான் ஒரு மேசை கிராமபோனைப் பரிசோதித்துவிட்டு, ‘வேகம் சீராக இருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். ஞானம் சார் அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்த சுகந்தி கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

“சார், கவர்னர்ல ஒரு குண்டு மட்டும் வேற எடை போலயே. ஒவ்வொரு சுத்துக்கும் லேசா ஒரு தள்ளு வருது.”

கவர்னர் என்பது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். மூன்று சின்ன ஈயக் குண்டுகள் சேர்ந்து சுழலும். கழற்றிப் பார்த்தோம். மூன்றில் ஒன்று பிற்காலத்தில் மாற்றியது. நானும் அந்த மிஷினை அரை மணி நேரம் கேட்டிருந்தேன். எனக்கு எதுவுமே கேட்கவில்லை.

ஞானம் சார் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். “அடுப்படியிலேருந்து சொல்றாங்க லா!” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நானும் சிரித்தேன். அன்று மாலை ஈசூனுக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டு, அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் கழித்துக் கம்பெனி ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு சிறிய காணொளி போட முடிவுசெய்தது. மிஷின் பாட வேண்டும், ஒருவர் அதைப் பற்றிப் பேச வேண்டும். சுகந்தியைப் பேசச் சொன்னார்கள். அவள் குரல் அப்படி. ஒரு பழைய உருளையை ஓடவிட்டு, “இந்த இரைச்சலைத் தாண்டிக் கொஞ்சம் கேளுங்க, பின்னாடி ஒரு ஆர்மோனியம் இருக்கு” என்பாள். கேட்டால் இருக்கும். காணொளிக்குக் கீழே சேகரிப்பாளர்கள் வரிசையாக எழுதுவார்கள். சுகந்தி சொன்னால் நம்பலாம் என்று ஈப்போவிலிருந்து ஒருவர். அடுத்த காணொளி எப்போது என்று இலங்கையிலிருந்து ஒருவர். நான் ரயிலில் உட்கார்ந்து ஒன்று விடாமல் படிப்பேன். எட்டு வருஷமாக நான் எழுதிய ரிப்போர்ட் எதிலும் என் பெயர் இருந்ததில்லை. இணையத்தில் போகிற ரிப்போர்ட்டில் யாருடைய பெயரும் இருக்காது, அலுவலகக் கோப்பில் மட்டும்தான் இருக்கும், அதுதான் வழக்கம். அதுவரை எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைக் கைப்பேசியைப் பிடிக்கச் சொல்லி, வீட்டிலிருந்த பழைய வானொலி ஒன்றைப் பற்றி நானே பேசிப் பார்த்தேன். திரும்பப் போட்டுக் கேட்டால், ரயில் நிலையத்தில் கதவு மூடப்போவதைச் சொல்கிற அறிவிப்பு மாதிரி இருந்தது. “நல்லாத்தானே இருக்கு” என்றார் அவர். உடனே அழித்துவிட்டேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். பழனியப்பன் அண்ணன் விஷயம்தான் தாங்கவில்லை. அவர் உட்லண்ட்ஸில் இருந்தார். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஐந்து மிஷின் வைத்திருந்தார். ஐந்தும் எங்கள் ஏலத்தில் எடுத்தவை. ஒவ்வொன்றை எடுப்பதற்கு முன்னும் எனக்குத்தான் போன் செய்வார். “நிர்மலா, ரிப்போர்ட்டைப் படிச்சிட்டேன். இப்ப உள்ளதைச் சொல்லு” என்பார். ரிப்போர்ட்டில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை அண்ணே என்பேன். அதைக் கேட்கத்தான் அவர் கூப்பிடுவார்.

ஒருநாள் போனை எடுத்ததும், “நிர்மலாவா? நல்லா இருக்கியா? சுகந்தி இருக்காங்களா?” என்றார்.

“இருக்காங்க அண்ணே” என்று கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர்கள் இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். எதிர் மேசையில் உட்கார்ந்து நான் ஒரு பெட்டியின் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை எண்ணியும் கணக்கு மாறிக்கொண்டே இருந்தது.

இனி அந்த மிஷின்.

பினாங்கு வியாபாரி ஒருவர் அனுப்பிய உருளை போனோகிராஃப் அது. ஓக் மரப் பெட்டி, வளைந்த மூடி, பூ மாதிரி விரிந்த பெரிய ஹார்ன். ஒரு தோட்ட மேலாளரின் பங்களாவில் மூன்று தலைமுறை இருந்ததாகச் சொன்னார்கள். அதன் பரிசோதனை சுகந்திக்கு வந்தது. ஸ்பிரிங், கவர்னர், ஊசியோடு அதிரும் ஒலித்தகடு எல்லாமே அசல். ஓடவிட்டபோது ஞானம் சார் தன் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அத்தனை தெளிவு. சுகந்தி இரண்டு நாளாக அதே சந்தோஷத்தில் இருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தாள். மிஷின் அவள் மேசையில் மூடி திறந்தபடி இருந்தது. எனக்கு அங்கே வேலையில்லை. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். இதில் அவள் கண்ணுக்குத் தப்பிய ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் போனேன்.

இருந்தது.

இதைப் புதிதாக வந்திருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஸ்பிரிங்கால் ஓடும் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கவர்னர் சுழலும்போது அது கீழே சிந்தும். பல வருஷம் சிந்தினால் பெட்டியின் அடிப்பலகையில் கவர்னருக்கு நேர் கீழே மரம் கறுத்து, கறை உள்ளே இறங்கிவிடும். இந்த மிஷினில் கவர்னர் வலது பக்கம் தொங்கியது. கறை இடது பக்கம் இருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினேன். கறை மேலோடு வந்துவிட்டது. அடியில் வெளுத்த மரம். யாரோ பழைய மேசையோ அலமாரியோ உடைத்து, அந்த மரத்தில் புதிதாகப் பெட்டி செய்து, பழசாகத் தெரிவதற்காகத் தூரிகையால் கறை பூசியிருந்தார்கள். பூசியவருக்குக் கவர்னர் எந்தப் பக்கம் வரும் என்று தெரியவில்லை. மிஷின் அசல், பெட்டி போலி. சேகரிப்பாளர்களிடம் அப்படிப்பட்ட மிஷினுக்கு மதிப்பே கிடையாது.

பழக்க தோஷத்தில் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். தேதி, மிஷின் எண், ‘எண்ணெய்க் கறை இடது, கவர்னர் வலது, கறை சுரண்டினால் வருகிறது.’ எழுதி முடித்து என் நாற்காலியில் உட்கார்ந்தபோது சுகந்தி வந்தாள். கையில் எனக்கும் ஒரு பொட்டலம். தேக்கா சந்தையிலிருந்து வடை வாங்கி வந்திருந்தாள்.

“அக்கா, ஒரு உதவி. ரிப்போர்ட்டை ஏத்துறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டியை ஒரு தடவை நீங்க பார்த்துடுறீங்களா? மிஷின்ல எனக்குச் சந்தேகமில்ல. மரம் எனக்கு அவ்வளவா பிடிபடாது. உங்க கண்ணு வேற.”

இதை நான் மாற்றி எழுதவில்லை. அவள் கேட்டாள். கேட்காமலிருந்து நான் சொல்லாமல் விட்டிருந்தால், அது என் வேலையில்லை என்றாவது எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன்.

“நீ பார்த்தா போதாதா?” என்றேன். “எல்லாரும் உன்னைத்தானே நம்புறாங்க.”

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள். “போங்கக்கா” என்று சொல்லிவிட்டு, கணினியில் ‘பெட்டி அசல்’ என்று தட்டினாள். வடையை நான் சாப்பிட்டேன்.

ஏலம் தொடங்கி மூன்றாவது நாள் பழனியப்பன் அண்ணன் கூப்பிட்டார். சுகந்தி வெளியே போயிருந்ததால் நான்தான் எடுத்தேன்.

“அந்தப் பினாங்கு மிஷினை நான்தான் எடுக்கப் போறேன்” என்றார். குரலில் அப்படி ஒரு துள்ளல். “சுகந்தி வீடியோவைப் பத்துத் தடவை பார்த்துட்டேன். அதுக்காக என்னோட ரெண்டு பெட்டியை இதே ஏலத்துல விட்டிருக்கேன். பார்த்தியா?”

பார்த்திருந்தேன். அந்த இரண்டையும் பரிசோதித்ததே நான்தான்.

“அண்ணி அந்தச் சின்னப் பெட்டியையா விடச் சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“அவ எங்கே விடச் சொன்னா? நான்தான் சமாதானம் பண்ணி வெச்சிருக்கேன். இது வந்து பாடினா அவளே ஒத்துக்குவா.”

ஏலம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. விற்பனைக்கு விட்ட பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘உள்ளதைச் சொல்லு’ என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. “சுகந்தி வந்தா கூப்பிடச் சொல்லு” என்றார். சொல்கிறேன் அண்ணே என்று வைத்துவிட்டேன்.

அவர் எடுத்தார். அவருடைய இரண்டு மிஷினில் சின்னது மெல்பர்னுக்குப் போனது, பெரியது ஜெர்மனிக்குப் போனது. இரண்டையும் பெட்டியில் அடைக்கும்போது நான் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வாரம் கழித்து அண்ணனிடமிருந்து போன் வந்தது. மிஷினுக்கு எண்ணெய் போட்டு ஓடவிட்டிருக்கிறார். ஒரு சொட்டு அடிப்பலகையில் விழுந்திருக்கிறது. துடைக்கப் போனவர், புதிய சொட்டு வலது பக்கம், பழைய கறை இடது பக்கம் என்று பார்த்துவிட்டார். கத்தவில்லையாம். “கொஞ்சம் வந்து பார்க்கச் சொல்லுங்க” என்று மட்டும் ஞானம் சாரிடம் சொன்னாராம்.

அன்று சுகந்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் பார்த்தேன். ரகசியமாக எதிர்பார்த்துக் காத்திருந்த காட்சிதான் அது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தன் காணொளியையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே ஒரு நிமிடம் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. பிறகு அவள் என் பக்கம் திரும்பி, “உங்களை வற்புறுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கணும்க்கா, என் தப்பு” என்றாள். அதற்குப் பிறகு இனிக்கவில்லை.

பினாங்கு வியாபாரி அனுப்பிய எல்லா மிஷினையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், எல்லாரும் குறிப்புப் புத்தகத்தை நாளைக்குக் கொடுங்கள் என்றார் ஞானம் சார். மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன், வீட்டில் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து அந்தத் தாளைக் கிழித்தேன். பக்கத்துக்கு எண் உண்டு என்பது தெரிந்தேதான் கிழித்தேன். கிழித்ததைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அது ஏன் என்று இன்று வரை எனக்கே விளங்கவில்லை.

சாயங்காலம் ஞானம் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். என் புத்தகம் அவர் முன்னால் விரிந்திருந்தது. பென்சில் முனையால் தாளைப் புரட்டினார்.

“நாப்பத்தாறுக்கு அப்புறம் நாப்பத்தொம்பது வருது.”

கீழே பூக்கடையில் யாரோ மாலைக்கு விலை பேசும் சத்தம் மேலே வரை கேட்டது. கைப்பையைத் திறந்து தாளை எடுத்து வைத்தேன். அவர் மடிப்பை நீவிப் படித்தார்.

“ஏலத்துக்கு முன்னாடியா?”

“முன்னாடிதான் சார்.”

“ரிப்போர்ட் போறதுக்கு?”

“அதுக்கும் முன்னாடி.”

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்வதற்கு ஒரு முழுக் கதையே இருந்தது என்னிடம். அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துச் சிரித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. தாளை அதே இடத்தில் செருகிப் புத்தகத்தை மூடினார்.

“மிஷினை எடுத்துட்டு வர நாளைக்குச் சுகந்தி உட்லண்ட்ஸ் போறாங்க. நீங்களும் கூடப் போங்க.”

“சுகந்திகிட்ட நீங்க சொல்வீங்களா சார்?”

“நான் எதையும் பார்க்கலயே. பார்த்தவங்கதான் சொல்லணும்.”

மறுநாள் வேனில் சுகந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். “நீங்க கூட வர்றது எனக்குப் பெரிய தைரியம்க்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரைவுச்சாலை முழுக்க அந்தக் கையை விடவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன்.

பழனியப்பன் அண்ணன் வீடு ஒன்பதாவது மாடி. கூடத்தில் நீளமான ஒரு பலகைத் தட்டு. அதில் மூன்று மிஷின் இருந்தது, இரண்டு இடம் காலியாக இருந்தது. பினாங்கு மிஷின் தனியே கீழே தரையில் இருந்தது. காலியான இடத்தில் மரம் மட்டும் நிறம் மாறி, சதுரமாகத் தெரிந்தது. அண்ணி எங்களுக்குச் சூடாகத் தே கலந்து கொண்டுவந்து வைத்தார். நான் அந்தத் தட்டைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“சின்னதுதான் எனக்குப் பிடிக்கும்” என்றார். “தினம் காலைல விளக்கேத்திட்டு நான்தான் சாவி கொடுப்பேன். இவருக்கு அது வெறும் மிஷின். எனக்கு வீட்டுல ஒரு ஆள் பேசுற மாதிரி.”

“காசு திரும்ப வந்துடும் சார்” என்றாள் சுகந்தி, அண்ணனைப் பார்த்து. குரல் உடைந்துவிட்டது. “ஆனா அந்த ரெண்டையும்...”

“அழாதீங்க மா” என்றார் அண்ணன். “போனது போச்சு லா. உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. மரத்துல ஏமாத்துறவன் எத்தனையோ பேரை ஏமாத்திருக்கான்.” பிறகு என்னைப் பார்த்தார். “நம்ம நிர்மலா பார்த்திருந்தா புடிச்சிருப்பா. இவ கண்ணு அப்படி. நான்தான் இந்தத் தடவை இவகிட்ட கேக்காம விட்டுட்டேன்.”

எத்தனை மாதமாக இந்த வார்த்தைக்காக நான் ஏங்கியிருந்தேன். சுகந்தி கேட்கும்படி, ஒரு சேகரிப்பாளர் வாயிலிருந்து, என் பெயரைச் சொல்லி. அது வந்துவிட்டது.

“நான் பார்த்தேன் அண்ணே” என்றேன்.

“என்ன பார்த்தே?”

“கறையை. ரிப்போர்ட் போறதுக்கு முன்னாடியே பார்த்தேன். சுகந்தி என்னைக் கேட்டா. நான் சொல்லல. நீங்க போன் பண்ணினப்பவும் எனக்குத் தெரியும்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். அண்ணி என் முன்னாலிருந்த தே கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. அவர் திரும்பி வரவில்லை.

சுகந்தி என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வளையலைக் கழற்றினாள். மிஷினுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

“டார்ச் கொடுங்க” என்றாள். “எங்கே பார்த்தீங்க? காட்டுங்க.”

காட்டினேன். கவர்னர் எங்கே, கறை எங்கே என்று. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். குனிந்து முகர்ந்து பார்த்தாள். “சரி, புரிஞ்சுது” என்றாள். அந்த நிலையிலும் அவளுக்குக் கற்றுக்கொள்ளத் தோன்றியிருக்கிறது. எனக்கு அவளுடைய காது ஒருநாளும் வரப்போவதில்லை, ஆனால் என்னுடைய கண் அவளுக்கு வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அந்த வீட்டில், அந்த நிமிடத்தில், நான் நினைத்தது அதுதான்.

திரும்பும்போது அவள் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் அந்தப் பெட்டியோடு வந்தேன். மறுநாள் காலை என்னைப் பார்த்ததும், “குட் மார்னிங், மிஸஸ் நிர்மலா” என்றாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து அக்கா என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. நான்கு மாதம் பொருள்களைக் கட்டி அடைக்கும் பிரிவில் போட்டார்கள். பிறகு ஞானம் சார் விதியை மாற்றினார். இனிமேல் ஒவ்வொரு மிஷினையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு ஜோடி சுகந்தி. அவர் வேண்டுமென்றே செய்தாரா, வேறு ஆள் இல்லாததால் செய்தாரா என்று தெரியாது. ஐந்து வருஷம் நாங்கள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். நான் பார்த்ததைச் சொல்வேன், அவள் கேட்டதைச் சொல்வாள். வேறு பேச்சு கிடையாது. ஒரு போலிகூட எங்களைத் தாண்டிப் போகவில்லை. ஞானம் சார் ஓய்வு பெற்றதும் சுகந்தி மேலாளரானாள். என் விடுப்பு, என் சம்பள உயர்வு எதிலும் அவள் நூல் பிசகியதில்லை. ஏதாவது ஒன்றில் அநியாயம் செய்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்திருக்கிறேன்.

மெல்பர்னில் அந்தச் சின்னப் பெட்டியை வாங்கியவருக்கு நான் இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. சுகந்தியும் அவரைத் தொடர்புகொண்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவள் கடிதம் எழுதவில்லை, அண்ணி பேசுவதைப் பதிவுசெய்து அனுப்பினாளாம். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த மனிதர் பெட்டியைத் திருப்பி விற்கச் சம்மதித்தார். அது எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது நான்தான் பிரித்துப் பார்த்தேன், வழி முழுக்க ஆடி வந்தும் ஒரு கீறலில்லை. உட்லண்ட்ஸுக்கு அவள் மட்டும் கொண்டுபோனாள். என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. ஜெர்மனிக்குப் போனது வரவேயில்லை. பழனியப்பன் அண்ணன் அதற்குப் பிறகு எங்களிடம் எதையும் வாங்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பன்னிரண்டு பேர் இருந்தோம். சுகந்தி எழுந்து பேசினாள். ஒரு தாளும் கையில் இல்லை.

“நிர்மலா எழுதின ஒரு ரிப்போர்ட்கூட இத்தனை வருஷத்துல வாங்கினவங்ககிட்டேருந்து திரும்பி வந்ததில்ல. எனக்கு ஒண்ணு வந்திருக்கு.”

எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். மேலாளர் தன்னடக்கத்தோடு பேசுகிறார் என்று நினைத்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. என்னைக் குத்துவதற்காகச் சொன்னாளா, மன்னித்துவிட்டதால் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. நான் எழுந்து நடந்ததைச் சொல்லியிருக்கலாம். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகும், இவளால் எப்படி இவ்வளவு நிதானமாக நிற்க முடிகிறது என்று எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும் நான் சொல்ல வேண்டியது இதுதான். பெட்டியைத் திறந்ததும் கவர்னருக்கு நேர் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். அலுவலகக் கோப்பில், திரும்பி வந்த ரிப்போர்ட் என்று சுகந்தியின் பெயரில் ஒன்று இருக்கும். அதை மேலாளர் சுகந்தியிடமே கொண்டுபோய்க் காட்டி, நான் சொன்னேன் என்று சொல்லி, என் பெயருக்கு மாற்றி எழுதிவிடுங்கள்.